ஓடட்டும்

பழவேற்காடு
10-2-2025

அன்புத் தம்பி உதயகுமாருக்கு அக்கா சரோஜா எழுதுவது.

அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. உன் மாமா நண்டு வலைக்குப் போய் வருகிறார். உன் அக்கா மகள் நந்தினி பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலில் அதை எழுது.

இந்தக் காலத்தில் அக்கா எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போன் பண்ணினால் "எடிட்டிங்ல இருக்கேன்க்கா, அப்பறம் பேசறேன்"னு வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. நீ ஹாஸ்டலில் படித்தபோது எழுதிய பழக்கம்தான், கை இன்னும் மறக்கவில்லை.

உங்கள் படக்காரர்கள் போன பிறகு ஏரிக்கரை வெறிச்சென்று கிடக்கிறது. ஜெனரேட்டர் சத்தம் ஓய்ந்ததும் பூநாரைகள் திரும்பி வந்துவிட்டன. என்னோடு சேற்றில் கையால் இறால் தடவிப் பிடிக்க வருகிற வேலம்மா மட்டும் இன்னும் பவுடர் பூசிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குகிறாள், எந்த நேரத்தில் கேமரா வருமோ என்று. உங்கள் டைரக்டர் சேதுநாதன் சாரை எல்லோரும் நல்லவிதமாகத்தான் பேசுகிறார்கள். என் காலில் ரத்தத்தைப் பார்த்ததும் அந்த மனுஷர் முகம் வெளுத்துப்போய், தன் காரையே கொடுத்துப் பொன்னேரிக்கு அனுப்பினார். நீயும் காரில் ஏறுவாய் என்று கதவைத் திறந்து வைத்திருந்தேன். சாமான் கட்டுகிற வேலை இருந்திருக்கும்.

காலைப் பற்றி ஒன்றும் கவலைப்படாதே. திருக்கை முள் என்றால் கொஞ்ச நாள் படுத்தத்தான் செய்யும். அம்மாதான் ஓயாமல் சொல்லிக் காட்டுகிறாள். "ஏரியில பொறந்த புள்ள, காலை இழுத்து நடன்னு சொல்லாம, தூக்கி வச்சு நடன்னு சொல்லிக்கீறானே"ன்கிறாள். காலை இழுத்து நடந்தால் சேற்றில் படுத்திருக்கும் திருக்கை உராய்ந்து ஓடிவிடும், மிதித்தால்தான் வாலைச் சுழற்றும், இதெல்லாம் உனக்குத் தெரியாதா என்ன. சேறு கலங்கினால் படம் கெடும் என்று அவர்கள் சொன்னதை நீ என்னிடம் சொன்னாய். அவ்வளவுதான். அம்மாவை நான் அடக்கி வைத்திருக்கிறேன்.

பதில் எழுது.

உன் அக்கா,
சரோஜா


சென்னை
2-3-2025

என் அன்பான அக்காவுக்கு,

தம்பி உதயகுமாரின் வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவையும் மாமாவையும் நந்தினியையும் மிகவும் கேட்டதாகச் சொல்.

வேலை கழுத்தை நெரிக்கிறது. அதனால்தான் போனில் பேச முடியவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நல்ல செய்தி ஒன்று உண்டு. நீ இறால் தடவிக்கொண்டே வருகிற காட்சியைப் பார்த்து எடிட்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எங்கும் வெட்டாமல் முழுசாக வைக்கப்போகிறார்கள். கடைசியில் நீ நிமிர்ந்து கேமராவைப் பார்ப்பாயே, அந்தப் பார்வையைப் பற்றித்தான் ஆபீஸ் முழுவதும் பேச்சு. சேதுநாதன் சார் அடுத்த படத்தில் என்னை இணை இயக்குநராக வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. ஒரு திரைப்பட விழா மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். அச்சுதராமனையும் சேதுநாதனையும் ஒப்பிட்டு எழுத வேண்டும். இரண்டு பேரும் தமிழில் பெரிய இயக்குநர்கள். இரண்டு பேரும் நம் ஏரியில் படம் எடுத்தவர்கள். அவர் படத்தில் இறால் தடவுகிறவள் நம் அம்மா, இவர் படத்தில் நீ. இப்படி ஒரு வாய்ப்பு வேறு எவனுக்குக் கிடைக்கும் சொல். அச்சுதராமனின் கேமரா நின்ற இடத்தை விட்டு நகராது. ஏரியைப் பார்க்க வந்தவர் மாதிரி தள்ளி நின்று பார்க்கும். சேதுநாதன் சாருடையது கூடவே நடக்கும். அவர் வெட்டுவார், இவர் வெட்டவே மாட்டார். அம்மா வருகிற காட்சி பாதியில் படக்கென்று முறிந்து வெறும் ஏரி வருமே, அந்த வெட்டை வைத்தே பலர் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். அன்று என்ன நடந்தது என்று அம்மாவைக் கேட்டு எழுது.

காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. பார்த்துக்கொள்.

அன்புடன்,
உதயன்


பழவேற்காடு
20-3-2025

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

எல்லோரும் இருக்கிறோம். உனக்கு இணை இயக்குநர் வேலை என்று சொன்னதும் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். உடம்பைக் கெடுத்துக்கொண்டு உழைக்காதே.

நீ கேட்டதை அம்மாவிடம் கேட்டேன். கேட்டதுதான் தாமதம், சோற்றுக் கையைக்கூடக் கழுவவில்லை. அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அந்தாளு அச்சுதராமன் கண்ணாடி போட்டுக்கினு கேமராப் பொட்டி பின்னாடி நின்னுக்கினு இருந்தாரு. பக்கத்துல உங்க நைனா. நான் இறாலு போடற ஓலைப் பறியைப் பல்லுல கடிச்சுக்கினு தடவிக்கினே வரேன். கைய வுட்டேன் பாரு, கெளுத்தி முள்ளு உள்ளங்கையில பூந்துச்சு. ஐயோன்னேன். வாயத் தொறந்ததும் பறி வுழுந்துச்சு, இறாலு பூரா தண்ணியோட போச்சு. தடவறவ பறிய மட்டும் வுடவே மாட்டா, அது வுழுந்தா ஏதோ பெருசா ஆயிடுச்சுன்னு அர்த்தம்னு உங்க நைனா அவராண்ட முன்னமே சொல்லி வச்சிருந்தாரு. அந்தாளு வேட்டியோட தண்ணியில எறங்கி ஓடியாந்தாரு. பொட்டிய நிறுத்த ஆளில்ல, அது பாட்டுக்கு ஓடிக்கினு கெடந்துச்சு. பிலிம் பூரா தீந்துபோச்சு. மறுபடி வாங்க வழி இல்லன்னு அப்படியே கெளம்பிப் போயிட்டாங்க."

அதனால் அம்மா கத்துவதற்கு ஒரு நொடி முன்னால் அவர் படத்தை வெட்டிவிட்டார். புத்தகம் எழுதியவர்கள் எல்லாம் இதைத்தான் ஆராய்ச்சி செய்தார்களா? நந்தினி விழுந்து விழுந்து சிரித்தாள்.

என்னைக் கேட்டால், அச்சுதராமன் படத்தில் ஏரி பெரிதாகத் தெரியும், நாம் கொக்கு மாதிரி ஓரமாக இருப்போம். உங்கள் சார் முகத்துக்குக் கிட்டே வருகிறார். எது உசத்தி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முகத்துக்குக் கிட்டே வருகிறவர் அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் இல்லையா.

காயம் மேலே மூடிக்கொண்டது. உள்ளே கறுத்து வீங்கியிருக்கிறது. பொன்னேரிக்குத் திரும்பப் போக வேண்டும்.

உன் அக்கா,
சரோஜா


சென்னை
29-4-2025

அன்புள்ள அக்கா,

நலமா? தாமதத்துக்கு மன்னித்துக்கொள். டப்பிங், பின்னணி இசை என்று ஓடிக்கொண்டே இருக்கிறேன். நந்தினி பரீட்சை எப்படி எழுதினாள்?

கட்டுரையை முடித்துக் கொடுத்துவிட்டேன். ஒரு பத்தியை மட்டும் உனக்காகப் பிரதி எடுத்து எழுதுகிறேன்:

"உழைக்கும் பெண்ணின் உடலைக் கேமரா எவ்வளவு தூரம் பின்தொடரலாம் என்ற கேள்விக்கு அச்சுதராமன் அளித்த விடை அந்த வெட்டு. அது தன் கலையின் எல்லையைத் தானே வகுத்துக்கொண்ட ஒரு கலைஞனின் துறவு. சேதுநாதனோ அந்த எல்லையைத் தாண்டுகிறார். வெட்ட மறுக்கிறார். அவருடைய நாயகி தலை நிமிர்ந்து நம்மைப் பார்க்கும்போது, முப்பது ஆண்டுகளாக வெட்டப்பட்டுக் கிடந்த ஒரு பார்வை நமக்குத் திரும்பக் கிடைக்கிறது."

எப்படி இருக்கிறது? அம்மா சொன்னதை இதில் சேர்க்க முடியவில்லை. கெளுத்தி முள், பிலிம் தீர்ந்தது என்றெல்லாம் எழுதினால் பெரியவரைச் சிறுமைப்படுத்துவது போல ஆகிவிடும் என்று தோன்றியது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

இதோடு ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன். தெரிந்த டாக்டர் எழுதிக் கொடுத்தது. இரண்டு வேளையும் தடவு.

அன்புடன்,
உதயன்


பழவேற்காடு
18-5-2025

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் உயிரோடும் பசியோடும் இருக்கிறோம். நந்தினி நன்றாக எழுதியதாகச் சொல்கிறாள். நீ வெயிலில் அலையாதே.

உன் பத்தியை நந்தினி உரக்கப் படித்தாள். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுல நான் எங்கடி கீறேன்?" என்று கேட்டாள். ஒரு ஆள் ஐயோ பாவம் என்று வேட்டியோடு தண்ணீரில் இறங்கினார். அது அவருக்குச் சிறுமையா தம்பி? அதைவிடத் துறவுதான் பெருமை என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன்.

களிம்பு தடவினேன். ஆனால் தடவுவது எனக்குத் தெரியவில்லை. இடது பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. மிதித்த பள்ளத்தில்தான் இறால் வந்து ஒதுங்கும், கால் கண்டுபிடித்த பிறகுதான் கை எடுக்கும். போன வாரம் பிடிவாதமாக இறங்கிப் பார்த்தேன். கிளிஞ்சல் ஓட்டு மேல் நிற்கிறேனா சேற்றில் நிற்கிறேனா என்றே தெரியவில்லை. கால் கிழிந்து தண்ணீர் சிவந்ததை வேலம்மா பார்த்துத்தான் கத்தினாள். உன் மாமா பறியைப் பிடுங்கிக் கூரை எரவாணத்தில் மாட்டிவிட்டார். இப்போது கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் கொண்டுவருகிற இறாலைப் பிரித்துக் கொடுக்கிறேன். ஏரிக்குள்ளேயே இருந்தவளுக்கு ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று நீயே நினைத்துக்கொள்.

பொன்னேரியில் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். "முள் ஏறினதுக்கு அப்புறம் நடந்தீங்களா?" ஆமாம் என்றேன். "அங்கேயே நின்னிருந்தா முனை உடைஞ்சு உள்ளே போயிருக்காதேம்மா. எதுக்கு நடந்தீங்க?" என்றார். ஷாட் முடிந்து கரையேறும்போதுதான் முள் பட்டது என்று உங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்கிறார்கள். யார் அவர்களுக்கு அப்படிச் சொன்னது என்று எனக்குத் தெரியாது.

நீ கேமரா பக்கத்திலேயே அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதில் என் முகம் எப்படித் தெரிந்தது? இதை மட்டும் எழுது.

சரோஜா


பழவேற்காடு
12-7-2025

தம்பி உதயகுமாருக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் கடிதம் வந்துசேரவில்லையோ என்று தபால்காரரைக் கேட்டேன். சேர்ந்திருக்கும் என்கிறார். நந்தினியின் போனுக்கு மட்டும் பிறந்த நாள் வாழ்த்து அனுப்பியிருந்தாய்.

படத்தின் முன்னோட்டத்தை அதே போனில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். நான் நிமிர்ந்து பார்க்கிற இடம் வந்தது. கீழே யார் யாரோ எழுதியிருந்ததை நந்தினி படித்துக் காட்டினாள். இப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததில்லையாம். கண்ணாலேயே பேசுகிறேனாம். வேலம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இருபது வருஷமாக என் முகம் தெரியும்.

அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். அவளுக்கும் தெரியும்.

இந்த ஏரியில் பிறந்த யாருக்கும் அது தெரியும் தம்பி. நான் கேட்ட கேள்விக்குப் பதில் எழுது.

சரோஜா


சென்னை
17-8-2025

அக்கா,

உங்கள் எல்லோருடைய உடல்நலத்தையும் கேட்டு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதி எழுதிக் கிழித்தேன். கேட்பதற்கு எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று கை நின்றுவிடுகிறது.

நான் பார்த்தேன்.

உன் இடது தோள் இறங்கியது. கழுத்து நரம்பு எழும்பியது. சின்ன வயதில் நைனாவுக்குத் திருக்கை அடித்தபோது அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். கேமரா வைத்த படகில் இருந்த அத்தனை பேரில் எனக்கு ஒருவனுக்குத்தான் அது என்னவென்று தெரியும். சேதுநாதன் சாருக்கும் ஏதோ சந்தேகம் வந்தது. பறி வாயில் இருக்கும்வரை ஒன்றுமில்லை, விழுந்தால்தான் ஆபத்து என்று நைனா சொன்னதையே நான் அவருக்குச் சொல்லிவைத்திருந்தேன். பறி விழவில்லை. ஆனாலும் அவர் என் பக்கம் திரும்பி, "உதயா, அக்காவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டார். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஒண்ணும் இல்ல சார். ஓடட்டும்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை என்று எழுதினால் அது பொய். விளங்குகிறது. திரையில் அது அவ்வளவு நன்றாக இருந்தது. அந்த நிமிஷத்தில் நீ எனக்கு அக்காவாக இல்லை. நீ கரைவரை நடந்து வந்தாய். முள் ஒவ்வோர் அடிக்கும் உள்ளே போயிருக்கிறது. நான் அதை எடுத்து முடித்தேன். ஷாட் முடிந்த பிறகு பட்டது என்று எல்லோரிடமும் சொன்னதும் நான்தான். அன்று காரில் உன் பக்கத்தில் உட்கார என்னால் முடியவில்லை. சாமான் கட்டவும் இல்லை. வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

தினமும் அந்தக் காட்சியைப் பார்க்கிறேன். எல்லோரும் உன்னைப் புகழும்போது என்னையும் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். போன வாரம் விழா மலர் ஆசிரியர் போன் பண்ணி, கட்டுரை பிரமாதம், அப்படியே போடுகிறோம் என்றார். நன்றி என்று சொன்னேன்.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உதயன்


பழவேற்காடு
1-9-2025

உதயகுமாருக்கு,

அம்மா சுகம். மற்றவர்களும் சுகம்.

நீ எழுதியதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. காற்று அடங்கிய காலையில் தண்ணீர் மேல் பேச்சு எவ்வளவு தூரம் கேட்கும் என்பதையும் பட்டணத்துக்குப் போய் மறந்துவிட்டாய். உங்கள் சார் கேட்டதும் எனக்குக் கேட்டது. நீ சொன்னதும் கேட்டது.

முள் ஏறினதும் உயிரே போகிற வலி. வாயைத் திறக்கத்தான் போனேன். அப்போதுதான் "ஓடட்டும்" என்ற உன் குரல் வந்தது. பார்த்துக்கொண்டே இவன் இப்படிச் சொல்கிறான் என்றால் இது அவனுக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறதோ என்று நினைத்தேன். அதனால் பல்லை இறுக்கிக்கொண்டு நடந்தேன். உன்னைக் கையில் தூக்கி வளர்த்தவளுக்கு அந்த நேரத்தில் அப்படித்தான் புத்தி போனது. அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன். ஊரே புகழ்கிற அந்தப் பார்வை கேமராவைப் பார்த்தது இல்லை. உன்னைப் பார்த்தது. இப்போதாவது சொல்வானா, இப்போதாவது சொல்வானா என்று பார்த்தேன்.

பறியைப் போட்டிருந்தால் கால் பிழைத்திருக்கும் என்று எனக்கும் தெரியும். அந்தப் பங்கு என்னுடையது. அதை உன் தலையில் ஏற்ற மாட்டேன். உன் பங்கை நான் சுமக்கவும் மாட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. திட்டு என்றாய், திட்டவும் வரவில்லை. திட்டினால் உனக்குப் பாரம் இறங்கிவிடும். என்னிடம் சொன்னதை உங்கள் சாரிடம் சொன்னாயா? அந்த மனுஷர் உன்னை நம்பித்தானே கேட்டார்? அவருடைய படத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் அவர் ஊர் ஊராகக் கொண்டுபோகப் போகிறார்.

போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன்.

சரோஜா


சென்னை
5-10-2025

அக்காவுக்கு,

அம்மாவின் இருமலுக்கு மழைக்காலம் ஆகாது, பார்த்துக்கொள்ளுங்கள். என்னைப் பற்றிச் சொல்ல, உடம்புக்கு ஒன்றும் இல்லை.

சாரிடம் சொல்லிவிட்டேன். எடிட்டிங் அறையில் எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன் என்று பயம். அவர் கத்தவில்லை. "நான் உன்னைத்தானே கேட்டேன் உதயா" என்றார். அதற்குப் பதிலாக அவர் அடித்திருக்கலாம்.

பிறகு அந்தக் காட்சியைப் போடச் சொன்னார். "எந்த இடம்? எனக்குத் தெரியாது, நீ காட்டு" என்றார். நான் எழுந்துபோய்த் திரையில் விரலை வைத்தேன். உன் இடது தோள் இறங்குகிற இடம். அதற்கு ஒரு நொடி முன்னால் வெட்டச் சொன்னார். எடிட்டர் எவ்வளவோ வாதாடினார். போன மாதம் வெளிநாட்டு விழாவில் பார்த்தவர்கள் கேட்பார்களே, அந்தப் பார்வைதானே படம் என்றார். "அது நான் எடுத்தது இல்ல" என்று சொல்லிவிட்டு சார் வெளியே போய்விட்டார். தியேட்டருக்கு வரும் படத்தில் அந்த நடை பாதியில் முறிகிறது. அடுத்து வெறும் ஏரி.

அடுத்த படத்துக்கு என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நியாயம்தான்.

மலர் ஆபீசுக்குப் போய்க் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இந்த வெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, இது அச்சுதராமனுக்குச் சேதுநாதன் செய்யும் மரியாதை அல்லவா, அதையும் சேர்த்து எழுதுங்கள் என்றார் ஆசிரியர். முடியாது என்றேன். மரியாதையும் இல்லை, துறவும் இல்லை. இரண்டு பேரும் நல்ல மனிதர்கள். இரண்டு பேருக்கும் ஏரி தெரியாது. தெரிந்தவன் ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். அவரிடம் நைனா இருந்தார், இவரிடம் நான் இருந்தேன். அந்த இரண்டு படங்களுக்கும் நான் கண்ட வித்தியாசம் இவ்வளவுதான்.

உதயன்


பழவேற்காடு
24-11-2025

அன்புத் தம்பி உதயாவுக்கு அக்கா எழுதுவது.

மழை விட்டிருக்கிறது. அம்மாவுக்கு இருமல் இருக்கிறது, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நீ மெலிந்துவிட்டாய் என்று உன்னைச் சென்னையில் பார்த்த யாரோ சொன்னார்களாம். சமைத்துச் சாப்பிடு.

பொன்னேரிக்குப் போய்ப் படம் பார்த்தோம். நான் வர மாட்டேன் என்றுதான் இருந்தேன், அம்மா விடவில்லை. உங்கள் சார் நன்றாகத்தான் எடுத்திருக்கிறார். ஏரியும் பெரிதாகத் தெரிகிறது, முகமும் தெரிகிறது. நான் தடவிக்கொண்டே வருகிற இடம் வந்தது. இதோ, இதோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். படக்கென்று வெட்டி வெறும் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னாடி இது, இந்தாளுக்கும் பிலிம் தீந்துபோச்சா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது, நந்தினி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

வெட்டியதால் கால் திரும்பி வரவில்லை. இப்போதும் செருப்பு கழன்றால் எனக்குத் தெரிவதில்லை, நாலு அடி போய்த்தான் பார்க்கிறேன். கோபம் இருக்கிறது. சில நாள் காலையில் எழுந்ததும் உன் குரல்தான் முதலில் காதில் விழுகிறது. அது போகுமா என்று தெரியாது. ஆனால் நீ சாரிடம் சொன்னதை எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு நானே படித்துக் காட்டினேன். அவள், "நைனாவைப் பத்தி எழுதிக்கீறானே, அத இன்னொரு தபா படி" என்றாள்.

மார்கழி வருகிறது. இறால் இறங்குகிற காலம். வேலம்மா ஒருத்தியாகத்தான் தடவப் போகிறாள். வேலை இல்லாமல் சென்னையில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வாய், கிளம்பி வா. என் பறி எரவாணத்தில்தான் தொங்குகிறது. நீ சின்னப் பையனாக இருந்தபோது தடவியிருக்கிறாய், மறந்திருந்தாலும் கைக்கு வந்துவிடும். பறியின் விளிம்பில் அன்றைக்கு நான் கடித்த தடம் அப்படியே இருக்கிறது. அந்த இடத்திலேயே கடித்துக்கொள். நான் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

காலை மட்டும் இழுத்து நட.

அனுப்பம்பட்டில் ரயில் இறங்கியதும் போன் பண்ணு. எடுக்கிறேன்.

உன் அக்கா,
சரோஜா